ரோசலினின் குரலும் அந்த இரைச்சலும்

ரோசலின் இறந்துவிட்டாள். காலையில் ஆரம்பாக்கத்திலிருந்து அவள் தம்பி போன் செய்தான். ஹார்ட் அட்டாக்...

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி இரும்பாலைகளுக்கு எச்சரிக்கை ஸ்பீக்கர் செய்கிறது. அவள் டிசைன், நான் சர்வீஸ். "கிரேன் வருகிறது, விலகி நில்லுங்கள்" என்ற குரலும் அவளுடையதுதான். ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தாள்.

முதல் சர்க்யூட் போர்டில் குரலோடு ஒரு கொய்ங்... சேர்ந்தே வந்தது. மைக்ரோகன்ட்ரோலருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே கிரவுண்ட் லைன். சிப்பின் இரைச்சல் எல்லாம் நேராக ஸ்பீக்கருக்கு. இரண்டுக்கும் தனித்தனி லைன், ஆம்ப்ளிஃபயர் சப்ளைக்கு ஒரு ஃபில்டர். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"பாட்டா போடப்போறோம்? கிரேன் வர்றது தெரிஞ்சா போதும்மா" என்றார் மேனேஜர்.

"நாள் பூரா கொய்ங்குனு கேட்டா ஆளுங்க ஒயரைப் புடுங்கிடுவாங்க சார். அப்புறம் கிரேன் வர்றத யாரு சொல்றது?"

கஸ்டமர் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அன்று மகாபுத்திசாலி மேனேஜர் கம்ப்ரஸர், வெல்டிங் மெஷின் எல்லாவற்றையும் ஆஃப் செய்ய வைத்தார். கரண்ட் லைனில் அவை கிளப்பும் தொல்லை நின்றதும் இரைச்சல் பாதிகூட இல்லை. பாஸ்!

ஆலையில் ஃபர்னஸை யார் ஆஃப் செய்வார்கள்? புகார் வந்து நாங்கள் போனபோது ஸ்பீக்கர் வாயில் வேஸ்ட் துணியை அடைத்திருந்தார்கள்.

"இன்னா மேடம் பண்றது... காதாண்ட கத்திக்கினே கீது. ஒரே பேஜாரு" என்றார் கிரேன் ஆபரேட்டர்.

"அது என் குரலுதாண்ணா" என்று சிரித்தபடி துணியை உருவினாள்.

மீட்டிங்கில் "டிசைன் ரோசலினோடது" என்று மேனேஜர் கைகழுவினார். பிறகு அவள் கேட்ட அதே மாற்றங்களோடு புது போர்டு வந்தது. பிரவுச்சரில் அவருடைய போட்டோ. அவள் பெயர் எங்குமே இல்லை.

இன்று வாட்ஸ்அப் குரூப்பில் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று முதல் ஆளாகப் போட்டிருப்பதும் அவர்தான். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்... தூ!

போன் வந்தபோது நான் அந்த ஆலையில்தான் நின்றிருந்தேன். மேலே புது போர்டு போட்ட ஸ்பீக்கர். "கிரேன் வருகிறது, விலகி நில்லுங்கள்..." துளி இரைச்சல் இல்லை. எல்லோரும் விலகினார்கள். எனக்குக் கால் நகரவில்லை.

"யோவ், இன்னாய்யா நிக்கிற?" என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். "அதான் அந்தம்மா சொல்லிக்கினே கீதுல்ல!"

போய் வா, ரோசலின்.