ஓடைக்கு இன்ஸ்பெக்‌ஷன்

அருணாசலம் சாரிடம் யாராவது "நாளைக்கு வீட்டுக்கு வருகிறோம்" என்று சொன்னால் போதும், ஜன்னல் கம்பிகள்கூடச் சோப்புத் தண்ணீரில் குளித்துவிடும். திருநெல்வேலிக்காரர். ஹைதராபாத்தில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே சாமான் செய்வது ஒரு வேலை. பார்வையிட வரும் மேலதிகாரிக்காகத் தொழிற்சாலையைச் சிங்காரிப்பது இன்னொரு வேலை. சாருக்கு நிஜமான திறமை இரண்டாவதில்தான். மரத்தின் அடியில் காவியும் வெள்ளையும் பூசுவது, ஓடாத இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மறைப்பது, வழியோரம் பிளீச்சிங் பவுடரால் நூல் பிடித்தாற்போல் கோடு போடுவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கலையை அனுபவிக்கும் பாக்கியம் சைனிக்புரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காலனிக்குக் கிடைத்தது. சங்கச் செயலாளர் அவர்தான்.

காலனிக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. இங்கே எல்லோரும் அதை 'நாலா' என்றுதான் சொல்வார்கள். அதைக் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட அதிகாரிகள் திட்டம் போட்டார்கள். காலனியில் பாதிப் பேருக்கு ஒரே குஷி. கார் நிறுத்த இடம் கிடைக்குமே! சார் மட்டும் எதிர்த்தார். அதற்கு அவரை மெச்சத்தான் வேண்டும். முழங்கால் வலி வந்த பிறகு அவர் மனைவி வசந்தகுமாரி அம்மாள் வெளியே போவதில்லை. சாயங்காலம் கொல்லைப்புறம் உட்கார்ந்து ஓடையில் மீன்கொத்தி பாய்வதைப் பார்ப்பதுதான் அவருக்கு உலகம். அவருக்காகத்தான் சார் ஒவ்வொரு ஆபீஸாகப் படி ஏறி இறங்கினார்.

கடைசியில் வழி பிறந்தது. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் ஆக்னஸ் வந்து வலை போட்டுப் பார்த்தார். தட்டான் புழு, நத்தை, சின்ன இறால் எல்லாம் இருந்தன. இவை இருந்தால் ஓடைக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம், இன்ஜினியர் முன்னால் இன்னொரு தடவை காட்டிவிட்டால் மூடமாட்டார்கள் என்று விளக்கினார். அவர் விளக்கிய நேரத்தில் சார் எல்லோருக்கும் டீ சொல்லப் போயிருந்தார். ஓடை பாஸ், இன்னொரு இன்ஸ்பெக்‌ஷன் பாக்கி என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் என்றதும் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் காலையில் அப்துல் ரஹீமின் ஆட்டோவில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் வந்து இறங்கின.

"இத்னா கைக்கு சாப்?" என்றார் ரஹீம், இவ்வளவும் எதற்கு என்று புரியாமல்.

"இன்ஸ்பெக்‌ஷன் ஹை பாய்," என்றார் சார். அந்த ஒரு வார்த்தையில் உலகத்துக்கே விளக்கம் சொல்லிவிட்ட திருப்தி அவருக்கு.

ஆட்களை விட்டு ஓடைக் கற்களைப் புரட்டித் தேய்க்கச் சொன்னார். கரையோரம் கோடு போட்டார். மிச்சப் பவுடரை மூட்டையோடு தண்ணீரில் கொட்டச் சொன்னார். "நாத்தம் இருக்கப்படாதுல்லா," என்றார்.

மறுநாள் இன்ஜினியர் வந்தார். மூன்று மொழியில் வரவேற்பு பேனர், சமோசா, பிஸ்கட் எல்லாம் தயார். ஆக்னஸ் வலையைப் போட்டார். ஒன்றுமில்லை. இடம் மாற்றிப் போட்டார். சார் பூரித்துப் போய் முன்னால் வந்தார்.

"பாத்தியளா மேடம், ஒரு புழு பூச்சி கெடையாது."

ஆக்னஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். "சார், அந்தப் புழு பூச்சியத்தான் நாங்க தேடுறோம்."

பிறகு தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார். "பவுடர் ஏதாவது போட்டீங்களா? போட்டிருந்தா சொல்லிடுங்க சார், தப்பில்ல. மழைக்கப்புறம் எல்லாம் திரும்ப வந்துரும், நான் வேற தேதி கேக்கிறேன். இல்லைன்னா செத்த ஓடைன்னுதான் எழுதணும்."

இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். கார் வைத்திருப்பவர்கள் மும்முரமாகச் சமோசா தின்றார்கள். இவ்வளவு நாள் இந்த ஓடைக்காக நாயாய் அலைந்த மனிதர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன்.

சார் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். "நம்ம காலனியில அப்படி ஒரு தப்பு நடக்காது மேடம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்து ஓடையிலேயே தள்ளலாம் போலிருந்தது. இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

பலகை போட்டு முடித்த அன்று சாயங்காலம் வசந்தகுமாரி அம்மாள் பேசியது பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே கேட்டது.

"போட்டேன்னு சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"

"என் சர்வீஸ்ல ஒருத்தன் என்னையப் பாத்து தப்புன்னு சொன்னதில்ல வசந்தா."

"இப்ப நான் சொல்லுதேன்," என்றார் அந்த அம்மாள்.