ஒரே குனிவு

அத்தை கீழே விழுந்ததை உடனே எடுக்க மாட்டாள். ஹேர்பின் விழுந்தால் அது அங்கேயே கிடக்கும். பிறகு ஒரு வெங்காயச் சருகு, மாத்திரை அட்டை, மடிக்கும்போது நழுவிய கைக்குட்டை. நாலைந்து சேர்ந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, முதுகைப் பலகை மாதிரி நேராக வைத்து இறங்கி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் அள்ளிக்கொண்டு எழுவாள். "உங்க அத்தைக்குத் தரையும் ஒரு அலமாரி" என்பாள் அம்மா. நானும் பல வருடம் அதைச் சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பாவின் அக்கா அவள். கணவர் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் தேய்மானம். குணமாகாது, கூட வைத்துக்கொண்டு வாழப் பழகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் விழித்ததும் எழ மாட்டாள். முழங்கால்களை நெஞ்சுவரை இழுத்து விடுவாள், ஒருக்களித்துப் புரள்வாள், கையை ஊன்றி உட்காருவாள். வெந்நீர்ப் பையோடு அரைமணி நேரம். அதன் பிறகுதான் அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்கும். வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான்தான் நோட்டில் எழுதுவேன்.

"நாலு போட்டுக்கோ. பாஸ் மார்க்குதானே? நம்ம குடும்பத்துல உனக்கு முன்னாடி பாஸானது என் முதுகுதான்."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் கிண்டல் எனக்குப் பிடித்திருந்தது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அத்தைக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு, தையல் விட்ட இடம், கறை எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். நின்றபடி பார்ப்பதில் சிரமமில்லை. சட்டைகள் வரும் பெட்டி தரையில் இருக்கும், அதுதான் சிக்கல். பக்கத்து மேசையில் ஒருத்தி இருந்தாள். நல்ல உயரம் என்பதால் எல்லோருக்கும் அவள் நெட்டை. அவளுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாது. எட்டு வருடமாக இருவருக்கும் ஓர் ஏற்பாடு. அத்தையின் பெட்டியிலிருந்தும் நெட்டையே குனிந்து எடுத்து மேசையில் வைப்பாள். கறுப்புச் சட்டை வந்தால் அவள் பங்கையும் சேர்த்து அத்தை பார்த்துவிடுவாள். நெட்டையாகப் பிறந்தவள் குனிகிறாள், குட்டையாகப் பிறந்தவள் நிமிர்ந்து நிற்கிறாள் என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்களாம். இது வேறு யாருக்கும் தெரியாது. ஒருநாள் வெந்நீர்ப் பையை மாற்றும்போது அத்தை என்னிடம் சொன்னாள்.

நான் பட்டம் வாங்கிய வருடம் தொழிற்சாலையில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். அவரவர் பெட்டியை அவரவரே எடுக்க வேண்டும் என்றார்கள். முதல் நாளே நோட்டில் எட்டு. இப்படியே போனால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். கூடவே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது. "முதுகு வலி, பெட்டிய ஒசரத்துல வைக்கணும்னு ரெண்டு வரி எழுது, போதும்" என்றாள் அத்தை.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். அத்தை எவ்வளவு நல்ல வேலைக்காரி என்று நிரூபிக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் எட்டு வருட ஏற்பாட்டையும் எழுதினேன். பக்கத்து மேசைக்காரர் குனிந்து உதவுகிறார், பதிலுக்கு இவர் அவருக்குத் தெரியாத கறுப்புத் துணிகளைப் பார்த்துத் தருகிறார், தொழிலாளர்களின் இந்த ஒத்துழைப்பை நிர்வாகம் மதிக்க வேண்டும் என்றெல்லாம். படித்துக் காட்டவா என்று கேட்டேன். பட்டதாரி எழுதியதில் நான் என்ன திருத்தப்போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கடிதம் வேலை செய்தது. ஒரே வாரத்தில் அத்தையின் பெட்டிக்கு இடுப்பு உயரத்தில் இரும்பு ஸ்டாண்டு வந்தது. அதே வாரம் மேலாளர் நெட்டையைக் கூப்பிட்டு, கையில் ஒரு கறுப்புச் சட்டையைக் கொடுத்து, பிசிறு எங்கே என்று கேட்டார். அடுத்த நாள் அவளை அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அவள் நின்ற அன்று சாயங்காலம் அத்தை என்னைத் திட்டவில்லை. கடிதத்தின் நகலை வாங்கி, நிதானமாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கே. ஒண்ணையும் விடல."

படித்தவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகத் திருத்தி நான் கேட்டதில்லை. யாருக்காக எழுதினேன், அத்தைக்காகவா, என் எழுத்துக்காகவா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நெட்டையின் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. அத்தையும் நானும் ஒரு தடவை போனோம். இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். இறங்கி வந்தோம். மூன்று நாள் படுக்கை. அதன் பிறகு நான் மட்டும் போனேன். நெட்டை தண்ணீர் கொடுத்தாள். எழுதியது நான்தான், அத்தைக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"எழுதினது நீ, சரி. உனக்குச் சொன்னது யாரும்மா?"

வீட்டுக்கு வந்து அத்தையிடம் அப்படியே சொன்னேன். போனில் கூப்பிட்டுத் தருகிறேன் என்றேன்.

"போன்ல சொல்ற விஷயமா இது? எட்டு வருஷம் எனக்காகக் குனிஞ்சவ. அவ வாசலுக்கு நான் ஏறிப் போய்தான் சொல்லணும். உன் மன்னிப்ப நீ கேட்டுட்ட. என்னோடது அப்படியே இருக்கு."

போன வருடம் அத்தை ஓய்வு பெற்றாள். இப்போது தினமும் காலையில், வெந்நீர்ப் பைக்கு அப்புறம், எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குகிறாள். நோட்டில் வலி மார்க்குக்குப் பக்கத்தில் படிகளையும் எழுதச் சொல்லியிருக்கிறாள். மழை நாட்களில் பத்து. நல்ல நாட்களில் முப்பது. போன செவ்வாய்க்கிழமை நாற்பத்தொன்று.

நெட்டையின் வீட்டுக்கு அறுபத்தெட்டு.