தங்கப்பொண்ணு சும்மா இருந்த வருஷம்

“வேலைக்கு எதுவும் போறீகளாக்கா?” என்று கேட்ட பிள்ளையிடம், “இல்ல தாயி, சும்மாதேன் இருக்கேன்” என்றாள் தங்கப்பொண்ணு. அதைச் சொல்லும்போது அவள் தலையில் ஒரு கட்டு சோளத்தட்டை இருந்தது. அதை இறக்கி வைக்கக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே சொன்னாள். எதிர்வீட்டில் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உசிலம்பட்டிக்கு மேற்கே, டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற ஊர் எங்களுடையது. கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் சோளம். தங்கப்பொண்ணு இங்கே வாக்கப்பட்டு வந்த கொஞ்ச காலத்திலேயே அவள் புருஷன் அழகுபாண்டி கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். எனக்கு அண்ணன் முறைதான். ஆனால் இதை எழுதும்போது ‘அவர், இவர்’ என்று மரியாதை கொடுக்க மனசு வரவில்லை. அங்கே ஏதோ மில்லில் சூப்பர்வைசர் என்று ஊரில் பேச்சு. ஆடிக்கும் பொங்கலுக்கும் வருவான், தேய்த்த சட்டையோடு டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் விளக்கம் சொல்வான், அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான்.

நிலம் அவன் பேரில் இருந்தது. டிராக்டருக்குச் சொல்லி வைப்பது, நாற்றுப் பாவுவது, வரப்பு வெட்டுவது, முறைத் தண்ணீர் வருகிற அன்று மண்வெட்டியோடு வாய்க்காலில் காவல் நிற்பது எல்லாம் இவள். போதாததற்கு இரண்டு பசுமாடு. நடவுக்கும் களைக்கும் அவள் கூலி கொடுத்து ஆள் வைத்ததில்லை. மாத்தாள்தான். இன்றைக்கு நீ என் வயலுக்கு வா, நாளைக்கு நான் உன் வயலுக்கு வருகிறேன் என்று பெண்களுக்குள் பேசிக்கொள்வது. காசு பேச்சே கிடையாது. மாத்தாளுக்குப் போகிறவளைப் பார்த்துக் கூலிக்குப் போகிறாயா என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். சொந்தக் காடு இருக்கிற வீட்டுப் பெண் கூலிக்குப் போக மாட்டாள் என்பதில் எங்கள் ஊருக்கு அப்படி ஒரு கௌரவம். இந்தக் கௌரவத்தைக் கட்டிக்கொண்டுதான் தங்கப்பொண்ணு அன்றைக்கு ‘சும்மா இருக்கேன்’ என்றாள்.

கணக்கெடுக்க வந்த பிள்ளை பேர் அஸ்வினி. படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவளைக் கண்மாய்ப் பாசனச் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக அனுப்பியிருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்ன வேலை, காலையிலிருந்து பொழுது எப்படிப் போகிறது என்று செல்போனில் பதிய வேண்டும். யார் பேருக்கு நேரே விவசாயம் என்று விழுகிறதோ அவருக்குத்தான் சங்கத்தில் பேச்சும் ஓட்டும்.

“வெவசாயம் யாருக்கா பாக்குறா?”

தங்கப்பொண்ணு வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தாள். ஆடிக்கு வந்த அழகுபாண்டி மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தான். “அவுகதேன் பாக்குறாக” என்றாள். புருஷன் வீட்டில் இருக்கும்போது ‘நான்’ என்று சொல்வது இவளுக்கெல்லாம் நாக்கில் வராது. அவனாவது எழுந்து வந்து இல்லை என்று சொன்னானா? “ஆமா, எழுதிக்கம்மா” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தான்.

அடுத்து அஸ்வினி அன்றாட வேலைகளைக் கேட்டாள். சாணி அள்ளுவது, பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோவது, காட்டுக்குப் போவது, புல் அறுப்பது, சோறாக்குவது என்று இவள் அடுக்க அடுக்க, அந்தப் பிள்ளை போனில் ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். தெருவைத் தாண்டிப் போய் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வீட்டு வேலை. மாடு வீட்டு வாசலில் நிற்பதால் அதுவும் வீட்டு வேலை. புருஷன் விவசாயி என்றால் அவன் வயலில் இவள் குனிந்து நிமிர்வதும் வீட்டு வேலை.

“ஏம்மா, முழங்கால் சேத்துல நின்னு நடுறது எந்த வீட்டுக்குள்ள நடக்குது?” என்றேன்.

“அவுக சொன்னதத்தானக்கா போட முடியும்? ஒங்களுக்குத் தையல்னு போட்டுட்டேன்.”

எனக்குப் போடாமல் என்ன? வாசலில் போர்டு தொங்குகிறது. தங்கப்பொண்ணும் வயலில் ஒரு போர்டு நட்டிருக்க வேண்டும் போல.

அதற்கு மறுவாரம் ஊர்ச் சாவடியில் சங்கக் கூட்டம். கண்மாயில் மேலமடை, கீழமடை இரண்டுமே இடிந்து கிடந்தன. வந்த பணத்தில் ஒன்றைத்தான் கட்ட முடியும், எது என்று கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். தங்கப்பொண்ணு வயல் கீழமடைப் பாசனம். அந்த மடை சரியாகாவிட்டால் தண்ணீர் பாதி வாய்க்காலிலேயே மண்ணுக்குள் போய்விடும். இவள் வயலுக்கு எட்டாது. அதனால் அன்றைக்கு மாட்டைக்கூட அவிழ்க்காமல் சாவடிக்கு வந்தாள். நானும் போனேன்.

அவள் எழுந்து, “கீழமடையப் பத்திப் பேசணும்ணே” என்றதும் செயலாளர் முத்திருளன் போனைத் தடவிப் பார்த்தார். “ஒம் பேருக்கு வீட்டு வேலைன்னு இருக்கு தங்கச்சி. இது வெவசாயிக கூட்டம். மாப்ள வந்திருக்காப்லல்ல, அவரு சொல்லட்டும்.”

அழகுபாண்டி எழுந்தான். எந்த மடை என்று கேட்டார்கள். அவன் முழித்த முழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, தன் வயலுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. பின்னாலிருந்து தங்கப்பொண்ணு, “கீழமடைன்னு சொல்லுங்க” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. “என்ன மாப்ள, வீட்ல கேட்டுத்தான் வெவசாயமா?” என்று யாரோ சொல்ல, சாவடியே சிரித்தது. அவன் முகம் கறுத்துப்போய்விட்டது.

“மேலமடை” என்றான்.

தெரியாமல் சொன்னதல்ல அது. பொண்டாட்டி சொல்லிக்கொடுத்து, தான் கேட்டதாக ஆகிவிடக்கூடாது என்று, தன் வயலுக்கு வரவேண்டிய தண்ணீரைத் தானே அடைத்தான். மேலமடைக்குக் கை அதிகம் விழுந்தது. அவன் ஒருவன் மாற்றித் தூக்கியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று பிறகு சிலர் எனக்குக் கணக்குச் சொன்னார்கள். சொல்லட்டும். பேச விட்டிருந்தால் அவள் எத்தனை கைகளைத் திருப்பியிருப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு வீட்டில் தங்கப்பொண்ணு சத்தம் போட்டு நான் முதல்முறையாகக் கேட்டேன். முத்திருளனிடம் போய்த் தன் பேருக்கு நேரே விவசாயம் என்று மாற்றச் சொல்லியிருக்கிறாள். மாப்ள ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிவிடலாம் என்றாராம். அந்த ஒரு வார்த்தையைத்தான் புருஷனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ வெவசாயின்னா அப்ப நான் யாரு?” என்றான் அவன். “மில்லுல மூடை தூக்குற கூலின்னு எழுதச் சொல்றியா?”

எங்களுக்கு அது புதுச் செய்தி. ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. மூடை தூக்குவதில் என்ன கேவலம்? அதைச் சொல்லக் கூசிக்கொண்டு இவள் பட்ட பாட்டைத் தன் பேரில் எழுதிக்கொண்டானே என்று நினைத்ததும் அந்தப் பாவமும் போய்விட்டது. மறுநாள் அவன் கோயம்புத்தூர் பஸ் ஏறினான்.

ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் பெருகியது. இவளும் நம்பிக்கையை விடாமல் மாத்தாள் சேர்த்து நட்டாள். மழை இருந்தவரைக்கும் பயிர் நின்றது. மழை விட்டதும் மடைத் தண்ணீர் வரவேண்டும், வரவில்லை. குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்தாள், குடத்தில் ஊற்றி நெல் விளையுமா? கதிர் வெளியே வருகிற நேரத்தில் பயிர் சுருண்டது. மார்கழியில் ஒருநாள் அரிவாளை எடுத்துப் போய் அத்தனையையும் அறுத்து மாட்டுக்குப் போட்டாள். அறுக்கும்போது அழவில்லை. மாடு தின்பதைப் பார்த்துத்தான் அழுதாள்.

பொங்கலுக்கு அழகுபாண்டி வந்தான். பானை வைக்கும்போது அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “கடை அரிசியா இருக்கு, நம்ம வயல் நெல்லு என்னாச்சு?” என்று கேட்டான். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தால் என்ன என்று இருந்தது.

தங்கப்பொண்ணு அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. “வெவசாயி நீங்கதேன. நீங்கதேன் சொல்லணும்” என்றாள்.

அவன் பொங்கலைச் சாப்பிட்டானா என்று தெரியவில்லை. வயல் பக்கம் போய்விட்டு வெயில் தாழத்தான் திரும்பினான், கால் முழுக்கப் புழுதி. மறுநாள் காலையில் டீக்கடையில் எல்லார் முன்னாலும் முத்திருளனிடம், “நான் மில்லுல மூடைதேன் தூக்குறேன் மச்சான். வெவசாயம் அவதேன் பாக்குறா. மாத்தி எழுது” என்றானாம். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அன்று மத்தியானமே முத்திருளன் தங்கப்பொண்ணு வீட்டு வாசலுக்கு வந்து, “மாத்தியாச்சு தங்கச்சி. இனிமே நீ கூட்டத்துல பேசலாம்” என்றார். பெரிய வரம் கொடுத்தவர் மாதிரி நின்றார்.

“கீழமடை எப்பண்ணே கட்டுவீக?” என்று கேட்டாள் தங்கப்பொண்ணு.

“அதுக்கு இனிமே பணம் வந்தாத்தான் தாயி.”

“எப்ப வரும்?”

அவர் போனைத் தடவிப் பார்த்தார். அதில் அது இல்லை போல, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.