பஞ்சாயத்துக் குளத்தில் எட்டு ஞாயிறு

எங்கள் எருமைக் கிடாரி கிணற்றில் விழுந்தபோது காலை எட்டு மணி இருக்கும். நான் தோசைக்கல்லின் முன்னால் நின்றிருந்தேன். வயலிலிருந்து என் வீட்டுக்காரர், "ஏம்புள்ள, ஓடியா! கிடாரி போச்சு!" என்று கத்தியது கேட்டது. கையில் தோசைத் திருப்பியோடு அப்படியே ஓடினேன்.

தமிழும் மலையாளமும் புழங்கும் எல்லையூரான நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் நெல்வயல். நடுவில் அகலமான கல்கிணறு. அதன் சுற்றுச்சுவர் போன மழையில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. "இந்த அறுப்பு முடியட்டும், கட்டீரலாம்" என்று அவர் இரண்டு அறுப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரிந்த பக்கத்தில்தான் புல் நன்றாக வளர்ந்திருந்தது. கிடாரி எட்டிக் கடித்திருக்கிறது.

குனிந்து பார்த்தேன். இருபதடிக்குக் கீழே, மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, கிணற்றைச் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை. நான்தான் தோசைத் திருப்பியை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தேன்.

ஃபயர்ஃபோர்ஸுக்குப் போன் செய்தோம். டவுனிலிருந்து வண்டி வர முக்கால் மணி நேரமானது. எங்கள் வண்டித்தடத்தில் அந்தப் பெரிய வண்டி நுழையவில்லை. ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, சாமான்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் வரிசையாக நடந்து வந்தார்கள். ஐந்து பேர். அதில் ஒன்று பெண். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கயிற்றேணியில் இறங்கத் தயாரானதும் அவள்தான்.

"ஏனுங்க, அந்தப் புள்ளையவா எறக்கறீங்க?" என்று என் வீட்டுக்காரர் பதறினார்.

"எங்களில எடை குறைவு எனக்குத்தான், சேட்டா" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

கிடாரியின் வயிற்றைச் சுற்றித் தண்ணீர் பீச்சும் ஹோஸைக் கட்டினாள். கயிறு தோலை அறுத்துவிடும், ஹோஸ் அறுக்காது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பக்கத்து வயல்களிலிருந்து இருபது பேர் வந்து சேர்ந்து இழுத்தோம். மேலே வந்த கிடாரி உடம்பை ஒரு உதறு உதறி எங்கள் எல்லோரையும் குளிப்பாட்டியது. பிறகு விட்ட இடத்திலிருந்து புல்லைக் கடிக்கத் தொடங்கியது. யாரோ சிரிக்க, எல்லோருமே சிரித்துவிட்டோம்.

டீ குடிக்கும்போதுதான் அந்தப் பெண் கேட்டாள். ஆலப்புழைப் பக்கத்துக்காரி. சினிமா பார்த்துக் கற்ற தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. "சேச்சி, எருமைக்கு நீந்தத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

அங்கே நாங்கள் ஏழு பெண்கள் நின்றிருந்தோம். ஒருத்திக்கும் தெரியாது. என் தம்பிகள் மிதப்புக்காக முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் நீச்சல் பழகிய நாட்களில், அவர்களின் துணிக்குக் காவலிருந்ததுதான் நான் செய்தது. பெண்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று யாரும் தடுக்கக்கூட இல்லை. அப்படி ஒரு பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

"இதே கிணத்தில நாளைக்கு உங்க வீட்டுக் குட்டி விழுந்தா?" குட்டி என்று அவள் சொன்னது பிள்ளையை.

"உங்களைக் கூப்பிடுவோமுங்க" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எருமை முக்கால் மணி நேரம் எங்களுக்காகக் காத்திருந்தது சேச்சி. குட்டி காத்திருக்காது."

அவளே பிறகு சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுள்ள வாரம் வரேன். குளம் உங்களோடது. வர்றீங்களா?"

அவள் சும்மா சொன்னாள் என்றுதான் நினைத்தேன். பத்து நாளில் எங்கள் வார்டு மெம்பர் வீடு வீடாக வந்தார். தீயணைப்பு நிலையத்தில் அந்தப் பெண் அனுமதி வாங்கிவிட்டாளாம். பங்குனி, சித்திரையில் எட்டு ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, பஞ்சாயத்துக் குளத்தில் பெண்களுக்கு நீச்சல். என் வீட்டுக்காரர் சிரித்தார். "எருமைக்கு வந்தது உனக்கும் வந்திருச்சா?" ஆனால் அடுத்த நாளே மூங்கில் வெட்டிக்கொண்டு போய், ஆழத்துக்குப் போகாதபடி குளத்தில் குறுக்கே நட்டு, கயிறு கட்டியது அவர்தான்.

ஒரு சங்கடம் பாக்கியிருந்தது. குளத்தை ஒட்டிப் போகும் ரோட்டில் வாலிபர்கள் பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தால்? மெம்பர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார். முதல் ஞாயிறு நாங்கள் போனபோது, குளத்துக்குத் திரும்பும் முனையில், பாலத்துத் திண்டின் மேல் ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்துச் சொச்சம் வயது, நரைத்த மீசை, பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர். எங்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"நீங்க பாட்டுக்குப் படிங்க அம்மணி. நான் திரும்ப மாட்டேன்" என்றார். எட்டு வாரமும் அவர் திரும்பவில்லை.

வந்தவர்கள் பதினொரு பேர். பெரும்பாலும் எங்கள் அயல்கூட்டத்துப் பெண்கள். அயல்கூட்டம் என்றால் சுற்றுவட்டத்து வீட்டுப் பெண்கள் வாராவாரம் கூடும் கூட்டம். முக்குக்கடை மளிகைக்காரரின் மனைவியும் வந்திருந்தாள். அவர்கள் முஸ்லிம்கள், மூன்று தலைமுறையாக இங்கே கடை வைத்திருப்பவர்கள். முழுக்கைச் சுடிதாரும், தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக முதல் ஆளாக வந்து படியில் நின்றாள். நானோ நைட்டியில் போயிருந்தேன். தண்ணீரில் காலை வைத்ததும் நைட்டி காற்றடைத்துக்கொண்டு கல்யாணப் பந்தல் போல என்னைச் சுற்றி எழும்பியது. அமுக்கினால் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் எழும்பும். பதினொரு பேரும் சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்தன. அடுத்த வாரம் மகளின் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு போனேன்.

முதல் பாடம் நீச்சலே இல்லை. இருபது லிட்டர் தண்ணீர் கேனை மூடி இறுக்கி, கைப்பிடியில் கயிறு கட்டி, தண்ணீரில் கிடப்பவருக்கு எறியச் சொன்னாள். "காப்பாத்தப் போறவங்கதான் கூடுதல் சாகறது. குதிக்கக்கூடாது. எறியணும். கேன் இல்லையா, கம்பு. கம்பு இல்லையா, சேலை." நாங்கள் மாற்றி மாற்றி எறிந்தோம். என் கேன் ஒரு தடவை நேராகப் போய் அவள் தலையில் விழுந்தது. "இதும் காப்பாத்தறதுதான்" என்றாள் தலையைத் தடவிக்கொண்டே.

பிறகு மிதக்கப் பழகினோம். மல்லாந்து படுக்க வேண்டும், அவள் உள்ளங்கையை முதுகுக்குக் கீழே கொடுப்பாள். கடைக்காரி இரண்டாம் வாரமே மிதந்துவிட்டாள். "அக்கா, மெத்தை மாதிரி இருக்குக்கா! எந்திரிக்கவே மனசு வரல!" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

எனக்கு வரவில்லை. காதில் தண்ணீர் ஏறியதும் ஊர்ச் சத்தமெல்லாம் நின்று என் மூச்சு மட்டும் கேட்கும். அவ்வளவுதான், உடம்பு விறைத்து, இடுப்பு மடங்கி, அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொள்வேன். மூன்று வாரம் இதேதான். மற்றவர்கள் காலடித்துப் போக, நான் மட்டும் படியோரத்தில் அவள் கையில் கிடந்தேன். நாற்பத்தாறு வயதில், ஏர் பிடித்தும் நாற்று நட்டும் எதற்கும் பின்வாங்காதவள், மார்பளவு தண்ணீரில் அழுதேன். தண்ணீரில் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பேடிக்கண்டா சேச்சி" என்றாள், பயப்படாதே என்று. "ஒண்ணு சொல்றேன். உங்களை ஏமாத்தி நான் கையை எடுக்க மாட்டேன். நீங்க 'விடு'ன்னு சொல்லாம எடுக்க மாட்டேன். இந்த வருஷம் சொல்லலைன்னா அடுத்த வருஷம் வரேன்."

அதைக் கேட்ட பிறகு உடம்பில் ஏதோ இளகியது. கையை எப்போது எடுப்பாளோ என்று காவல் காத்தே நான் களைத்துப் போயிருக்கிறேன். அந்த வேலை இனி இல்லை. ஐந்தாம் ஞாயிறு, வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன். வெள்ளை மேகம் ஒன்று ஆனைமலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கே கேட்காத குரலில் "விடு" என்றேன்.

"என்ன?"

"விடுங்கறேன்!"

விட்டாள். நான் கிடந்தேன். குளம் என்னை வைத்துக்கொண்டது. கரையிலிருந்தவர்கள் கூச்சல் போட்டது காதுக்குள் எங்கோ தூரத்தில் கேட்டது. பாலத்திலிருந்து ஏட்டு, திரும்பாமலே, "விட்டாச்சுங்களா அம்மணி? மெதந்தீங்களா?" என்று கத்தினார். "மெதந்தாச்சுங்கோ!" என்று பத்துப் பேர் பதில் சொன்னார்கள். அவர் முதுகைக் காட்டியபடியே கைதட்டினார்.

ஏட்டைப் பற்றி ஒரு விஷயம் ஏழாம் வாரம்தான் தெரிந்தது. அன்று கைவீசும் பாடம். "வலது கை முன்னால, இழு, இடது கை முன்னால, இழு" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோட்டில் திடீரென்று பிரேக் போடும் சத்தம். பார்த்தால், பக்கத்து ஊரான சித்தூருக்குப் போகும் பஸ் ஒன்று பாலத்தருகே நின்றிருந்தது. டிரைவர் தலையை நீட்டி, "என்னங்க ஏட்டையா, எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?" என்றார்.

"நான் எங்க நிறுத்தச் சொன்னேன்? போ, போ!"

"கையை அப்படி வீசுனீங்களே!"

நாங்கள் தண்ணீரில் நின்றபடியே அவரைப் பார்த்தோம். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. ஆறு வாரமாக அவர் பாடத்தைக் காதால் கேட்டு, திண்டில் உட்கார்ந்தபடி பழகியிருக்கிறார். கடைக்காரிதான் கேட்டாள்: "ஏனுங்க ஏட்டையா, உங்களுக்கு நீச்சல் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க அம்மணி" என்றார். "சர்வீஸ்ல ஆறு தடவை ஆத்தங்கரைக்குப் போயிருக்கேன், ஆள் முங்கிட்டாங்கன்னு. கரையில நின்னு கூட்டத்தைத்தான் ஒதுக்க முடிஞ்சது. ஒவ்வொரு தடவையும் ஊட்டுக்கு வந்தா சோறு எறங்காது. இனி இந்த வயசுல யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

எட்டாம் ஞாயிறு நாங்கள் ஒவ்வொருவராக மூங்கில் கயிற்றை ஒட்டியே குளத்தைக் கடக்க வேண்டும். நான் கடைசி ஆள். மூச்சு வாங்கி, நாயைப் போலக் காலடித்து, நடுவில் இரண்டு முறை மல்லாந்து கிடந்து இளைப்பாறி, அக்கரைக் கல்லைத் தொட்டேன். தொட்டதும் திரும்பிப் பார்த்தேன். இத்தனை தூரமா வந்தேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. புறப்பட்ட கரையில் பெண்கள் கேனைத் தட்டி மேளமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை போக வேண்டும்போல இருந்தது. போனேன்.

துணி மாற்றிக்கொண்டு வந்து, ஏட்டைக் கூப்பிட்டோம். "திரும்பலாமுங்க இப்ப." திரும்பியவர் கையில் ஒரு பை. உள்ளே டவுசரும் துண்டும். தயாராகத்தான் வந்திருந்தார். தீயணைப்புப் பெண் அவரைத் தண்ணீரில் இறக்க, நாங்கள் படியில் வரிசையாக உட்கார்ந்து பாடம் சொன்னோம். "தலையைத் தூக்காதீங்க! வயித்தை மேல கொண்டாங்க!" ஊரையே அதட்டிய மனிதர் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். காதால் கேட்டுப் படித்தது வீண்போகவில்லை. அரை மணி நேரத்தில் மிதந்தார். மீசை மட்டும் நனைந்து கீழே தொங்கியது.

அதன் பிறகு படியிலேயே சாப்பிட்டோம். கடைக்காரி தேங்காய்ச்சோறும் கறியும், நான் இட்லியும் சட்னியும், இன்னொருத்தி பலாச்சுளையும் கொண்டுவந்திருந்தோம். தீயணைப்புப் பெண்ணின் போன் அடித்தது. அவள் அம்மா. பேசிவிட்டு வைத்தவளிடம், "அம்மாதான் உனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அம்மைக்குத் தெரியாது சேச்சி. வாசல்ல காயல். கரண்ட் பில் கட்டப் போனாலும் வள்ளத்திலதான். ஐம்பத்தாறு வயசு. நான் எத்தனை தடவை கூப்பிட்டும் இறங்கல. மகள் முன்னால நாணமாம்."

போனை அவள் கையிலிருந்து வாங்கி நானே திருப்பி அழைத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் யார் என்று சொன்னேன். "இங்க வாங்கம்மா. உங்க மக வேண்டாம். நாங்க பதினொரு பேர் இருக்கறோம். எல்லாரும் இப்பத்தான் படிச்சவங்க. எங்க முன்னாடி என்ன நாணம்?"

அந்தப் பக்கம் நீண்ட சிரிப்பு. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வைகாசி முதல் வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த அம்மா மகளோடு ஸ்கூட்டரில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் செம்மீன் என்று அவர்கள் சொல்லும் இறால் கருவாட்டுப் பொட்டலம். மகளைப் பார்த்து, "நீ ஸ்டேஷனுக்குப் போ, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தா மதி, போதும்" என்று விரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, குளம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். வெளிச்சம் இன்னும் இருந்தது. இப்போதே பார்க்கலாமா என்றார். செம்மீனை உள்ளே வைத்துவிட்டு, கடைக்காரிக்குப் போன் செய்தபடி நான் செருப்பை மாட்டினேன்.