பெங்காலிக் கடையில் ஆடிட் சாப்பாடு

ஆடிட் வரப்போகிறது என்று இமெயில் வந்தால் எங்கள் ஃபேக்டரியில் முதலில் வாங்குவது பெயின்ட். ஹாஸ்டல் சுவருக்கு ஒரு கோட், கழிவறைக் கதவுக்கு ஒரு கோட். பெயின்ட் வாசனை வந்தாலே வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார் என்று ஆட்கள் புரிந்துகொள்வார்கள்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், உலு திராம் என்ற ஊருக்குப் பக்கத்தில் கட்டிலும் அலமாரியும் செய்யும் அந்த ஃபேக்டரியில் நான் எச்.ஆர். வேலை பார்த்தேன். போன வருடம் ரிட்டையர் ஆனேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், "ஆன்ட்டி, ஆடிட்ட எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒன்றை எழுதி வைக்கிறேன்.

எங்கள் சாமான்களை வாங்குவது ஐரோப்பாவில் ஒரு கம்பெனி. ஆட்களை நாங்கள் ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்க்க அவ்வப்போது ஒருவரை அனுப்புவார்கள். ஆட்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்துக்காரர்கள். எங்கள் மேனேஜர் அவர்கள் எல்லோரையும் "பங்ளா" என்றுதான் கூப்பிடுவார். பெயர்கள் வாயில் நுழையவில்லையாம். அவருடைய பெயர் ஞானசேகரன்; நாங்கள் அவரைக் கூப்பிடுவது பாஸ். அவர் வாயில் நுழையாத பெயர் சொஹேல்.

1. லாக்கர்

ஆட்களின் பாஸ்போர்ட் எல்லாம் என் அறையில் ஓர் இரும்புக் கபினெட்டில் இருக்கும். சாவி பாஸிடம். அப்படி வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

"சட்டம் எனக்கும் தெரியும், சிசிலி. இவனுங்க ஓடிட்டா கட்டில நீயா வந்து அடிப்ப?"

எனக்குச் சுத்தியலைப் பிடிக்கவே தெரியாது.

இந்த முறை ஆடிட்டுக்காக ஹாஸ்டலுக்கு லாக்கர் வந்தது. போன முறை வாடகைக்கு எடுத்தவர் இந்த முறை சொந்தமாகவே வாங்கிவிட்டார். அதனால் தன்னைப் பெரிய சீர்திருத்தவாதி என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எனக்கு வந்த உத்தரவு சுருக்கமானது.

"காலையில பாஸ்போர்ட்டையும் சாவியையும் குடுத்துடு. அந்த ஆடிட்டரம்மா கார் கேட்ட தாண்டினதும் திருப்பி வாங்கிடு."

2. ஒத்திகை

மதியச் சாப்பாட்டைப் பற்றி பாஸுக்கு ஒரு யோசனை வந்தது. எங்களிடம் வேலை பார்த்த மொனிர் டவுனில் ஒரு பெங்காலி இனிப்புக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்துகிறான். உள்ளூர்ப் பெண் ரொஸ்னாவைக் கட்டியவன். லைசென்ஸ் அவள் பேரில். ஆடிட்டரை அங்கே கூட்டிப்போய், "பாருங்க, எங்ககிட்ட வேலை செஞ்சவன் இன்னிக்கு முதலாளி" என்று காட்ட வேண்டும். கூடவே நான்கு ஆட்களைச் சிரித்த முகத்தோடு உட்கார வைக்க வேண்டும்.

முன்கூட்டியே பேசி வைக்க இருவரும் போனோம். பாஸ் கல்லாவைப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டார்: "எங்க தலப்பா கட்டின ஆளு? பெங்காலிக் கடைன்னு போட்டிருக்கு?"

எங்கள் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய சர்தாரைத்தான் பெங்காலி என்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் இத்தனை வருடம் வங்காளிகளை வேலை வாங்கிய ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் கண்ணாடி அலமாரியில் இருந்த சந்தேஷ் இனிப்பைப் பார்த்துக்கொண்டேன். வெள்ளையும் இளம் பழுப்புமாக, மேலே பிஸ்தா தூவி, வரிசை குலையாமல் இருந்தது. பக்கத்தில் சின்ன மண்சட்டிகளில் மிஷ்டி தொய். வெல்லம் போட்டு உறைய வைத்த தயிர். மொனிர் எங்களுக்கு ஆளுக்கு ஒரு சட்டி வைத்தான்.

தமிழ் சூப்பர்வைசர்களிடம் வேலை செய்தவன், நன்றாகவே தமிழ் பேசுவான்.

"லாக்கர் வாங்கிட்டோம், மொனிர். பாஸ்போர்ட் இனி அவனவன் கையில," என்றார் பாஸ். "அந்தம்மா வரும்போது நீ நல்லதா நாலு வார்த்தை சொல்லு. கேன்டீன் கான்ட்ராக்ட நான் பாத்துக்கிறேன்."

"சொல்றேன், பாஸ்."

அவருக்கு ஃபோன் வந்தது. வெளியே போனார். மொனிர் சட்டிகளை எடுத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டான்.

"மேடம், இந்தத் தடவையும் சாயந்திரம் திருப்பி வாங்கிடுவீங்களா?"

"ஆமா, தம்பி."

அவன் மேசையைத் துடைத்துவிட்டு உள்ளே போனான்.

3. சாப்பாடு

ஆடிட்டர் அம்மா உயரமானவர், அதிகம் பேசாதவர். சிங்கப்பூரில் தங்கி, பாலத்தில் ஜாமில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். ஹாஸ்டலில் சொஹேலின் லாக்கரை அவனையே திறந்து காட்டச் சொன்னார். அவன் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினான். ஒரு கேள்வியும் கேட்காமல் டேப்லெட்டில் எதையோ தட்டினார். பாஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கடையில் எல்லாம் பாஸ் நினைத்தபடியே நடந்தது. கடுகு அரைத்துப் போட்ட மீன், பருப்பு, கத்தரிக்காய் வறுவல். மீன் முழுக்க முள். அது தெரியாமல் பாஸ் பெரிய துண்டாக எடுத்துவிட்டு வெகுநேரம் பேச முடியாமல் இருந்தார். நான்கு ஆட்களும் சொல்லிக் கொடுத்தபடி, "கம்பெனி வெரி குட், மேடம்," என்றார்கள். கேட்காதபோதும் சொன்னார்கள்.

கடைசியில் ரசகுல்லா வந்தது. மொனிரே கொண்டுவந்து வைத்தான்.

"இவர் எங்க பழைய ஒர்க்கர்," என்று அறிமுகப்படுத்திய பாஸ், ஒரு ரசகுல்லாவை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

ஆடிட்டர் அம்மா நிமிர்ந்தார். "அங்கே வேலை எப்படி இருந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மொனிரின் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் அன்று நிதானமாகச் சொன்னான். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"என் காலத்துல பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்துச்சு, மேடம். ஊருக்குப் போகணும்னா கேட்டுட்டு காத்திருக்கணும். இப்ப பாஸ் அத மாத்திட்டாரு. அவங்கவங்க பாஸ்போர்ட் அவங்கவங்க கையில. போன வாரம் இதே மேசையில உக்காந்து அவரே என்கிட்ட சொன்னாரு. மத்த ஃபேக்டரியெல்லாம் இவரைப் பாத்துக் கத்துக்கணும்."

பிறகு பாஸ் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

"இனிமே எப்பவும் இப்படித்தான், இல்ல பாஸ்?"

மொனிர் எங்களிடம் வேலை பார்த்த காலத்தில், அவன் அம்மா சீரியஸாக இருக்கிறார் என்று செய்தி வந்தபோது பாஸ் சாவியோடு லங்காவியில் விடுமுறையில் இருந்தார். பாஸ்போர்ட் கைக்கு வந்து, மொனிர் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதை அவன் அந்த மேசையில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பாஸுக்கும் தெரியும்.

எல்லோரும் பாஸைப் பார்த்தோம். நான்கு ஆட்களும் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாஸின் கன்னம் உப்பியிருந்தது, வாயோரம் ஜீரா வழிந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். தலையை ஆட்டினார்.

"அருமை," என்றார் ஆடிட்டர் அம்மா. அன்று அவர் முதல்முறையாகச் சிரித்தார். டேப்லெட்டில் தட்டினார். ஆட்களின் ஃபோன் நம்பர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "இடையிடையே ஃபோன் செய்து கேட்பேன், பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்," என்றார். நால்வரில் ஒருவனான சொஹேல் தன் நம்பரை இரண்டு முறை சொன்னான்.

4. கார் கேட்டைத் தாண்டிய பிறகு

சாயந்திரம் பாஸ் என் அறைக்கு வந்தார். கபினெட் காலியாகத் திறந்து கிடந்தது.

"வாங்கிடவா, பாஸ்?" என்றேன்.

அவர் கபினெட் கதவை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார்.

"அந்தம்மா ஃபோன் பண்ணா என்ன ஆகும்?"

"ஆர்டர் போயிடும், பாஸ்."

"அவன யாரு அப்படிப் பேசச் சொன்னா?"

"நீங்கதான், பாஸ். நல்லதா நாலு வார்த்தை சொல்லச் சொன்னீங்க. அவன் நல்லதாத்தானே சொன்னான்?"

பாஸ்போர்ட்டுகள் லாக்கரிலேயே இருந்தன. ஒருவரும் ஓடவில்லை. மொனிருக்குக் கேன்டீன் கான்ட்ராக்ட் கிடைக்கவில்லை. அது பாஸின் மச்சானுக்குப் போனது. "எனக்கு அது வேணாம், மேடம், கடையே போதும்," என்றான் மொனிர். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னான். ரொஸ்னா அதை நம்பியிருந்தாள்.

எச்.ஆர். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சட்டப் புத்தகத்தைக் காட்டி ஒரு மேனேஜரை மாற்ற என்னால் முடியவில்லை. நாலு பேர் முன்னால், அவர் செய்யாத நல்லதைச் செய்ததாகச் சொல்லிப் பாராட்டிப் பாருங்கள். மறுத்துப் பேச அவருக்கு வழி இருக்காது.

என் பிரிவுபசார விருந்தில் பாஸ் மைக்கைப் பிடித்தார். "ஒர்க்கருங்க பாஸ்போர்ட்ட அவங்க கையிலயே குடுக்கணும்கிறது என்னோட கொள்கை," என்றார். "நான்தான் கொண்டுவந்தேன்."

முதலில் கைதட்டியது நான்தான். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன்.