‘நிக்கும்’ என்றான், நம்பினேன்

அன்று காத்திவாக்கம் கடலோரத்தில் நாங்கள் நாலு பேர்: நான், என் மச்சான் பாபு, வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த செல்வி அக்கா, எனக்கு ரேஸ் டிரோன் விற்ற கொருக்குப்பேட்டைக்காரன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன், எதற்கும் பயப்படுகிறவன். டிரோன் கேமரா காட்டுவதைப் பார்க்கிற கண்ணாடியை மாட்டுமுன் விற்றவனிடம் மூன்று தடவை கேட்டேன்: “பயந்துட்டா இன்னா பண்றது?”

“ரிமோட்ல இடது குச்சியக் கீழ இறக்கு நைனா, நிக்கும். இதுக்குப் போய் பேஜார் பண்றியே!”

கல்யாணத்தில் படம் எடுக்கும் டிரோன் போல அந்தரத்தில் நிற்கும் என்று எடுத்துக்கொண்டேன். டிரோன் பனைமர உயரத்துக்கு ஏறியதும், கண்ணாடிக்குள் பார்த்த எனக்குத் தலை சுற்றியது. குச்சியை இறக்கினேன். நின்றது மோட்டார்தான். டிரோன் கல் மாதிரி விழுந்து, அக்காவின் தலைக்கு ஒரு சாண் தள்ளி வலையைக் கிழித்தது.

“என் மண்ட பூட்டிருக்கும்டா, கஸ்மாலம்!” என்று அக்கா கத்தினாள்.

விற்றவனோ, “நிக்கும்னுதான சொன்னேன்? நின்னுச்சா இல்லியா?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இப்போது கம்ப்யூட்டரில் ஓட்டித்தான் பழகுகிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் உள்ளங்கை அளவில், இறக்கையைச் சுற்றி வளையம் போட்டதாக வாங்குங்கள். விற்கிறவனையே முதலில் ஓட்டி, நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அக்காவின் வலைக்கான செலவில் பாதி தருகிறேன் என்று மச்சான் முன்னால் ஒப்புக்கொண்ட அந்தக் கொருக்குப்பேட்டைக்காரன் இன்னும் தரவேண்டியது ஆயிரத்து இருநூறு ரூபாய்.