சாந்திக்கு வந்ததுதான் எனக்கும் வந்தது

டொரொன்டோவில் லிஃப்டுக்குள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கதவுக்கு மேலே மாறும் இலக்கங்களைச் சாமி படம்போலப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். போன மாதம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. நெஞ்சு படபடத்தது, கை விறைத்தது, மூச்சு முட்டியது. கதை முடிந்தது என்று நினைத்தேன். நாயோடு நின்ற வெள்ளைக்காரப் பெண் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, நலமா என்று கேட்டார். "ஃபைன், தேங்க் யூ. ஐ ஆம் டையிங்" என்றேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் முதலில் ஃபைன் சொல்ல வேண்டும் என்றுதானே இலங்கையில், எங்கள் ஊர் உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார். நாய் மட்டும் என்னை நம்பி, கொஞ்சம் தள்ளி நின்றது.

என்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த என் மனைவி சாந்தி, வீட்டுச் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் திணித்தாள். நடுக்கம் வந்தவர் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். நான் கார் ஓட்டப் புறப்படுகிறேன் என்று நினைத்த தாதி அதைப் பிடுங்கிக்கொண்டார். "நோ டிரைவ். மெடிசின்" என்று சொல்லித் திரும்ப வாங்கினாள் சாந்தி. "இறுக்கிப் புடிங்க. மழைல நனைஞ்ச கோழி மாதிரி முழிக்காதீங்க." டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் பழுதில்லை, இது பானிக் அட்டாக் என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் சாந்தி மாத்தளையில் ஒரு கார்மென்டில் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கரண்ட் போய், வெக்கையில் ஒரு பிள்ளை நடுங்கி விழ, பின்னாலேயே இவளும் விழுந்தாள். இதே படபடப்பு, இதே மூச்சு முட்டல். டிஸ்பென்சரி டாக்டர் கதிரையை விட்டு எழும்பாமலே, "ஹிஸ்டீரியா. கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிரும்" என்றார். இவள் வீடு போய்ச் சேருவதற்குள் அந்தச் சொல் உக்குவளைக்குப் போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தை முடித்துவிட்டு மெதுவாகக் கழன்றார்கள். என்னையும் வேறு யாரும் மாப்பிள்ளை கேட்டு வராததால் இவள் எனக்குக் கிடைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் இவள் குரலை உயர்த்தினால் போதும், "ஆரம்பிச்சிட்டா" என்பார்கள். தான் ஓட்டிய லொறி கவிழ்ந்த அன்று நடுங்கிக் கிடந்த இவள் அண்ணன் ரவிக்கு மட்டும் வந்தது பிரஷர். எங்கள் ஊர் ஆண்களுக்குப் பிரஷர் வரும், வயிற்றில் கேஸ் வரும். வேறெதுவும் வராது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போனில் தேடினேன். ஹிஸ்டீரியா என்ற சொல் கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். பெண்ணின் கருப்பை உடம்புக்குள் இடம்விட்டு இடம் அலைவதால்தான் இதெல்லாம் வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். விசா இல்லாமல் அலைந்திருக்கிறது, பாவம். என் உடம்பில் அலைந்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

மறுநாள் ரவி மச்சான் உக்குவளையிலிருந்து பேசினார், போன் ஸ்பீக்கரில் இருந்தது. "கேஸ்தான் மச்சான். பால் ஊத்தாம இஞ்சி போட்டு பிளேன்டி குடிங்க." போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சாந்தியின் கத்தி நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மீசை பிழைக்கும். அவள் பெயர் ஊரில் அப்படியே கிடக்கும். அவள் என்னைப் பார்த்தாள்.

"கேஸ் இல்ல மச்சான். அன்னைக்கு கார்மென்ட்ல ஒங்க தங்கச்சிக்கு வந்துச்சே, அதேதான்."

"அது பொம்பளைங்களுக்கு வர்றதுல்ல?"

"பயந்தவங்களுக்கு வர்றது. லொறி கவுந்தப்ப ஒங்களுக்கு வந்ததும் அதான்."

"அப்ப எனக்குப் பிரஷர் இல்லியா?" குரலில் ஏதோ சொத்து கைவிட்டுப் போன கவலை.

சாந்தி போனை வாங்கினாள். "இல்லண்ணே. நீங்களும் நம்ம செட்டுதான்."

"சரி சரி. அம்மாகிட்ட சொல்லிறாத."

"எனக்கு வந்தப்ப ஊருக்கே சொன்னீங்களே" என்றாள் சாந்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டு போஞ்சியை வழக்கத்தைவிட வேகமாக நறுக்கினாள்.

இப்போது சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் லிஃப்டில் ஏறுகிறேன். அதில் இரண்டு சாவி இந்த வீட்டுக்கு, ஒன்று நாங்கள் விட்டுவந்த உக்குவளை வீட்டுக்கு. அந்தப் பூட்டை மச்சான் எப்போதோ மாற்றிவிட்டார். லிஃப்ட் குலுங்கினால் என் விரல் தேடிப் பிடிப்பது அந்தச் சாவியைத்தான்.